அப்பாவுக்கும் அழகு வேண்டும்

திருமணமாகும்வரை கண்ணாடியின் முன் அரைமணி நேரம் நின்று தலைவாரிய இளைஞர் ஒருவர், தந்தையாகிய ஆறாம் மாதத்தில் அந்தக் கண்ணாடி எந்தச் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றது என்பதையே மறந்துவிடுகின்றார். முகத்தில் நான்கு நாட்தாடி. கொலர் நைந்த சேட். தெறி கழன்ற இடத்தில் ஓர் ஊசி. ஏனென்று கேட்டால், "இனி எனக்கென்ன? பிள்ளை நன்றாக உடுத்தாற் போதும்" என்று விடை வருகின்றது. கேட்டவரும், "பிள்ளைக்காகத் தம்மையே மறந்த மனிதர்" என்று வியந்து செல்கின்றார்.

இதற்கு நேர்மாறான தந்தையரும் நம்மிடையே உளர். மகனுக்கு வயது பதினாறு, தந்தைக்கோ நாற்பத்தைந்து. மகன் அணியும் ஒடுங்கிய காற்சட்டையையே தந்தையும் அணிகின்றார். நரைத்த தலை ஒரே இரவிற் காக்கைச் சிறகாகின்றது. வீதியிலே இருவரையும் ஒருங்கே கண்டவர் மகனைப் பார்த்துப் புன்னகை செய்கின்றனர். தந்தையைப் பார்த்துச் சிரிக்கின்றனர்.

முன்னவர் தம்மைத் துறந்தவர் போலவும் பின்னவர் தம்மை விடாதவர் போலவும் தோன்றுகின்றனர். ஆழ்ந்து நோக்கின் இருவரும் ஒரே பிழையான எண்ணத்தின்மீது நிற்பவர்களே. அழகு என்பது மணமாகாத இளைஞனுக்கே உரியது என்பது இருவரதும் முடிபு. அஃது என்னை விட்டுப் போய்விட்டது என்கின்றார் ஒருவர். இல்லை, இன்னும் போகவில்லை என்கின்றார் மற்றவர். தந்தைக்கென்றே ஓர் அழகு உண்டு என்பதை இருவரும் எண்ணிப் பார்த்தாரல்லர். அந்த அழகு யாது, அதனை அடைவது எவ்வாறு என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

தியாகமும் பஞ்சியும்

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்காக ஒன்றை விட்டுக்கொடுப்பது தியாகம். 2022ஆம் ஆண்டு நம் நாட்டைப் பொருளாதார நெருக்கடி தாக்கியபோது, தமக்கென்று தீபாவளி உடுப்பு எடாது பிள்ளைகளின் பால்மாவுக்கும் கொப்பிகளுக்கும் அப்பணத்தைக் கொடுத்த தந்தையர் பலர். அவர்கள் பழைய சேட்டையே உடுத்தார்கள். அதனாற் சிறுமை யாதும் நேரவில்லை. தோய்த்து, உலர்த்தி, கிழிந்த இடத்தைத் தைத்து உடுத்த பழைய சேட் ஒரு குடும்பத் தலைவனுக்குப் பெருமையே தருவது.

ஆனால் நகம் வெட்டாமைக்கும் சவரம் செய்யாமைக்கும் தெறி தையாமைக்கும் பணத்தட்டுப்பாடு காரணமாகாது. ஊசியும் நூலும் பத்து நிமிடமுமே அவற்றுக்கு வேண்டுவன. இவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது, நம் ஊர்ச் சொல்லிற் கூறின், பஞ்சிக்குப் பட்டாடை போர்த்துவதாகும்.

இது தந்தையின் சொந்த விடயமென்று விட்டுவிடத் தக்கதன்று. பாடசாலையிலே பெற்றோர் தினத்தன்று பிள்ளைகளின் கண்களைக் கவனித்தவர்களுக்கு இதன் உண்மை விளங்கும். படலையைக் கடந்து தந்தை வருவதைக் கண்டதும் சில பிள்ளைகள் ஓடிச் சென்று கையைப் பிடிக்கின்றனர். சிலர் தூணுக்குப் பின்னே மறைகின்றனர். விலையுயர்ந்த உடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வயலிலிருந்து வந்து, முகம் கழுவி, வெளுத்த வேட்டியும் நெற்றியிலே திருநீறுமாக வரும் கமக்காரத் தந்தையைக் கண்டு எந்தப் பிள்ளையும் மறைவதில்லை. தம்மை ஒரு பொருட்டாக மதியாது வந்து நிற்கும் தந்தையைக் கண்டே பிள்ளை கூசுகின்றது. "நீ பிறந்தபின் நான் இப்படியாகிவிட்டேன்" என்று அவர் வாய் திறந்து சொல்லாவிடினும், அவர் கோலம் அதனைச் சொல்லிவிடுகின்றது. தான் பிறந்தது தந்தைக்கு நேர்ந்த ஒரு நட்டம் என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் விழலாமா?

நம் முன்னோர் பிள்ளைப் பேற்றை நட்டமாகக் கருதியவரல்லர். நெய்ச்சோற்றை மேனியெல்லாம் பூசிக்கொண்டு குறுநடை நடந்து வரும் குழந்தையைப் புறநானூற்றிலே பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. பட்டும் பொன்னும் அணிந்த அரசன், அக்குழந்தை இல்லாத வாழ்நாளைப் பயனற்ற வாழ்நாளாகக் கண்டான். தோளிலே பாற்கறை படிந்த சேட்டோடு கந்தோருக்குப் புறப்பட நேரும் தந்தை அவனை நினைத்து மகிழலாம். அந்தக் கறை இழுக்கன்று. அதனை ஒரு வாரம் தோயாது வைத்திருப்பதே இழுக்கு.

பத்தொன்பது சிலிங் தொப்பி

உடையையும் உண்மையையும் ஒருங்கே வைத்து வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த தந்தை ஒருவரின் வரலாறு நமக்குக் கிடைத்திருக்கின்றது. அவர் காந்தியடிகள். அரையாடை உடுத்த முதியவராகவே அவரை நாம் நினைவில் வைத்திருத்தலால், நாகரிக உடைபற்றிய பேச்சிலே அவர் பெயர் வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் "சத்திய சோதனை"யைப் படித்தவர் வியப்புறார்.

1888 செப்டெம்பர் 4ஆம் நாள் சட்டம் பயில இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது காந்திக்கு வயது பதினெட்டு. அவ்வாண்டிலேதான் அவருடைய மூத்த மகன் ஹரிலால் பிறந்தான். கைக்குழந்தையையும் மனைவியையும் ஊரிலே விட்டுச் சென்ற இளந்தந்தைக்கு, இலண்டன் சேர்ந்ததும் ஆங்கிலக் கனவானாக வேண்டும் என்ற ஆசை தோன்றிற்று. 19 சிலிங் கொடுத்து உயரத் தொப்பி ஒன்று வாங்கினார். பொண்ட் வீதியில் 10 பவுணுக்கு மாலைவேளை உடை தைப்பித்தார். தமையனாருக்கு எழுதி மணிக்கூட்டுக்கு இரட்டைப் பொற்சங்கிலி அனுப்புவித்தார். கழுத்துப்பட்டி கட்டவும் தலைமயிரை வகிடெடுத்துப் படியச்செய்யவும் நாள்தோறும் பத்து நிமிடம் பெருங் கண்ணாடியின் முன் நின்றார். நடனம் பயில 3 பவுணும் வயலின் வாங்க 3 பவுணும் கொடுத்தார். இத்தனைக்கும் பணம் அனுப்பியவர் ஊரிலிருந்த தமையனார்.

இம்மோகம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. பின்னர் அவர் தம்மையே வினவிக்கொண்டார்: நான் இங்கிலாந்திலேயே வாழப்போவதில்லையே, நடனமும் வயலினும் எனக்கு எதற்கு? நான் வந்தது படிப்பதற்கல்லவா? நடன வகுப்பு நின்றது, வயலின் விலைப்பட்டது. செலவை ஒவ்வொரு காசாக எழுதிக் கணக்குப் பார்த்தார். வண்டிச் செலவை விட்டு நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நடனத்தை விட்டவர் துப்புரவான உடையை விட்டுவிடவில்லை. உடையிலே செலுத்திய கருத்து அதன் பின்னும் பல ஆண்டுகள் தம்மிடம் நிலைத்திருந்தது என்று அவரே எழுதியிருக்கின்றார். இரவற்கோலம் எது, தம் இயல்பு எது என்று பிரித்தறிந்து, முன்னதைக் களைந்து பின்னதை வைத்துக்கொண்டார். தந்தையாகிய ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய பிரிப்பு இதுவே.

தென்னாபிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, கொலர் தோய்க்கும் கூலி மிகுதியாயிற்றென்று சலவைக் கலைபற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துத் தாமே தோய்த்து மினுக்கினார், மனைவிக்கும் கற்பித்தார். முதற் கொலரில் கஞ்சி மிகுந்து நீதிமன்றத்திலே உதிர்ந்தது. சக வழக்கறிஞர் நகைத்தனர். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் அவருக்கு மயிர்வெட்ட மறுத்தபோது, கருவி வாங்கித் தாமே வெட்டிக்கொண்டார். பிடரிப் பக்கம் எலி கடித்ததுபோலாயிற்று, மறுபடியும் நகைத்தனர். அவர் நாணவில்லை. பிறர் சிரிப்பைத் தாங்க மாட்டாதவனுக்குத் தன் இயல்பிலே நிற்றல் இயலாது.

1894இல் அவரிடம் வந்த தமிழ்க் கூலித்தொழிலாளி பாலசுந்தரத்தின் கதையும் இங்கே பொருந்துவது. எசமானால் அடியுண்டு, பல் உடைந்து, கிழிந்த உடையோடு வந்த பாலசுந்தரம், அக்கால வழக்கப்படி தலைப்பாகையைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு பணிந்து நின்றார். காந்தி முதலில் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கி அதனைக் கட்டிக்கொண்டபோது அவர் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சியைக் காந்தி கண்டார். ஒரு முழத் துணிதான். ஆயினும் அதனைத் தலையிற் கட்டுவதற்கும் கையிற் பிடிப்பதற்கும் இடையே ஒரு மனிதனின் மானம் முழுவதும் இருந்தது.

பிள்ளையின் காலிலே தந்தையின் சப்பாத்து

தன் இயல்புக்கு உண்மையாக இருத்தல் வேறு. தன் இயல்பை வீட்டார்மீது ஏற்றுதல் வேறு. இதனையும் அதே வரலாறு காட்டுகின்றது.

1896ஆம் ஆண்டு இறுதியில் மனைவி மக்களைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் எவ்வாறு உடுக்க வேண்டும் என்பதைத் தந்தையே தீர்மானித்தார். முழு ஐரோப்பிய உடை பொருந்தாது. இந்தியருள் நாகரிகம் மிக்கவராகப் பார்சியர் அந்நாளிற் கருதப்பட்டனர். ஆதலின் கஸ்தூரிபாய்க்குப் பார்சிச் சேலை, பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டும் காற்சட்டையும். சப்பாத்தும் காலுறையும் கட்டாயமாயின. பழகாத சப்பாத்து பிள்ளைகளின் காலை நெரித்தது, காலுறை வியர்வையால் நாறிற்று, விரல்கள் புண்ணாயின. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவும் அவர்கள் பழக நேர்ந்தது. சில காலம் சென்றதும் தந்தையின் கருத்து மாறிற்று. பழகிய அனைத்தையும் அவர்கள் மீண்டும் விட வேண்டியதாயிற்று. பழகியதும் தந்தைக்காக, விட்டதும் தந்தைக்காக.

இவ்வாறு பிள்ளைகளின் வாழ்வைத் தந்தையின் சோதனைகளுக்கேற்ப அமைத்தமை உடையோடு நிற்கவில்லை. முறையான கல்வி தமக்குக் கிடைக்கவில்லை என்பது ஹரிலாலின் பெருங் குறை. 1911இல் அவர் தந்தையைப் பிரிந்து சென்றார். அப்பிளவு இறுதிவரை முற்றாக ஆறவில்லை. உலகம் போற்றிய தந்தைக்கும் வீட்டிலே இந்தத் துயரம் இருந்தது. நம்மைப் போன்ற எளிய தந்தையர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

காலம் காந்தியடிகளுக்கும் கற்பித்தது. 1921 செப்டெம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, ஏழைக் குடியானவரின் அரையாடையை அவர் ஏற்றார். அப்போது அவர் நான்கு ஆண்மக்களின் தந்தை. ஐம்பத்திரண்டாம் வயது நிறையும் தறுவாயில் இருந்தார். பார்சிக் கோட்டைப் பிள்ளைகளுக்கு மாட்டிய அதே மனிதர், இம்முறை தம்முடன் உழைப்பவர்களும் அரையாடைக்கு மாற வேண்டியதில்லை என்று தெளிவாக அறிவித்தார். 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்து யாழ்ப்பாணத்திலும் அவ்வுடையோடேயே நின்றார். 1931இல் பக்கிங்காம் அரண்மனைக்கும் அதே உடையோடு சென்றார். இலண்டனில் 19 சிலிங் தொப்பியால் அடைய விரும்பிய மதிப்பை, அதே இலண்டனில் தொப்பியின்றியே அடைந்தார்.

நாமெல்லோரும் அரையாடை உடுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. உடை உள்ளத்தோடு ஒத்திருக்க வேண்டும்; அதனைப் பிறர்மேல் திணித்தலாகாது என்பதே பொருள்.

நம்மூர்த் தந்தைக்குச் சில குறிப்புகள்

1905இல் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் "இரவற் சிறகுகள்" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு ஒரு சிறு நூல் வெளியிட்டார். நம் நாட்டவர் சிந்தியாது மேனாட்டு உடையைப் பின்பற்றுதலை அதிலே கண்டித்தார். இன்றைய இரவற் சிறகு கனடாவிலிருந்து பொதியில் வருகின்றது. மார்பிலே பெரிய எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர்; அணிந்திருப்பவருக்கோ அதன் பொருளும் தெரியாது, அளவும் பொருந்தாது. அன்போடு அனுப்பிய தம்பியின் மனம் நோகாதவாறு அதனை வீட்டிலே உடுக்கலாம். வெளியிற் செல்லும்போது, "இஃது என்னுடையதா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

உடலும் மாறும் என்பதை ஏற்றல் அடுத்தது. பிலிப்பைன்சின் செபு நகரில் இளைஞர் பலரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், தந்தையானோரின் உடலில் டெஸ்டோஸ்டெரோன் என்னும் சுரப்பு குறைவதையும், குழந்தையைப் பராமரிப்பதிற் கூடிய நேரம் செலவிட்டோரிடம் அது மேலும் குறைந்திருந்ததையும் 2011இல் வெளியிட்டனர். இது நோயன்று. தந்தைமை உடலையும் தொடுகின்றது என்பதற்குச் சான்று. ஆகவே பத்தாண்டுக்கு முன் தைத்த காற்சட்டைக்குள் வயிற்றை அடக்க மூச்சைப் பிடிப்பது வீண் முயற்சி. தையற்காரரிடம் கொடுத்துத் தையலைப் பிரித்து அகலமாக்குக. இயலாதாயின் பொருந்துபவருக்குக் கொடுத்துவிடுக. அளவாகத் தைத்த மலிவான சேட், அளவு தவறிய விலையுயர்ந்த சேட்டிலும் நன்றாகத் தோன்றும்.

நம் வெப்பத்துக்குப் பருத்தியே உகந்தது. வியர்வையை உறிஞ்சும், பலமுறை தோய்த்தலைத் தாங்கும். மருதமுனை நெசவாளரின் கைத்தறிச் சாறம் ஒன்று வீட்டிலே எந்தத் தந்தைக்கும் அழகு தரும். விழாவுக்கும் கோயிலுக்கும் ஒரு நல்ல வேட்டியும் சால்வையும் போதும். நல்லூர்க் கந்தன் சந்நிதியில் ஆடவர் யாவரும் மேலாடை களைந்து நிற்கும்போது, சேட்டின் விலையை யார் கேட்கப் போகின்றார்?

கைக்குழந்தை உள்ள வீட்டிலே அழகுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். கூரிய கல் பதித்த மோதிரமும் உலோகப்பட்டி மணிக்கூடும் குழந்தையின் மென்தோலைக் கீறும்; தூக்குமுன் கழற்றி வைக்க வேண்டும். கடும் வாசனைத் திரவியம் சிசுவின் மூச்சுக்கு ஆகாது. சிகரெட் புகைத்தவரின் உடையிலும் மயிரிலும் அப்புகையின் நச்சுப்பொருள் படிந்திருக்கும். வெளியே புகைத்துவிட்டு வந்தேன் என்பது குழந்தைக்குக் காப்பாகாது. தந்தையானவர் களைய வேண்டிய முதல் அணிகலன் சிகரெட்டேயாம்.

நரைக்கு மை பூசுவதும் பூசாமையும் அவரவர் விருப்பம். பூச விரும்புவோர் ஒன்றறிதல் வேண்டும். கருமைச் சாயங்கள் பலவற்றில் பரா பீனைலீன் டயமீன் என்ற இரசாயனப் பொருள் உண்டு. சிலருக்கு அஃது ஒவ்வாது, தலையும் முகமும் வீங்கக் கொப்புளம் உண்டாகும். பொதியிற் கூறியவாறு முன்னரே தோலில் சிறிது தடவிச் சோதித்த பின்னரே பூச வேண்டும். நரையோடு நிற்கத் துணிந்தவருக்கு அந்தத் தொல்லையுமில்லை.

மினுக்கிய சேட்டும் மினுக்கிய கையும்

இறுதியாகக் கூற வேண்டியது எல்லாவற்றிலும் முக்கியமானது. காலையிலே மடிப்புக் குலையாத சேட்டோடு புறப்படும் தந்தையைக் கண்டு ஊர் மெச்சலாம். அச்சேட்டைத் தோய்த்தவர் யார்? மினுக்கியவர் யார்? இரவிலே குழந்தைக்காக மும்முறை எழுந்து, விடியுமுன் அடுப்பு மூட்டி, அதன்பின் கணவரின் சேட்டையும் மினுக்கிக் கொடுத்த மனைவி, தலைவாரவும் நேரமின்றி வாயிலில் நிற்கின்றாரெனின், அந்த அழகு கணவருடைய அழகன்று. மனைவியிடமிருந்து எடுத்துக்கொண்ட அழகு. நித்திரையிழந்த தாய்க்கு ஒரு மணி நேர ஓய்வைக் கொடுத்துவிட்டு, ஒரு கையிலே குழந்தையைத் தாங்கியவாறு கசங்கிய சேட்டோடு புறப்படும் தந்தை அவரிலும் அழகர்.

ஆகவே தந்தையின் அழகுக்கு ஒரு கணக்கு உண்டு. தம் உடுப்பைத் தாமே பேணுதல், பிள்ளையின் செலவிலும் மனைவியின் உழைப்பிலும் அழகு தேடாமை, இளமை நடியாமை, முதுமையை முன்கூட்டியே அழையாமை. இவ்வளவையும் காப்பவர் வேட்டி உடுத்தாலும் காற்சட்டை அணிந்தாலும் தாமாகவே இருப்பார்.

மாணவத் தம்பிமாரே, தங்கைமாரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் தந்தையாரின் சேட் நிறம் மங்கியிருப்பின், அம்மங்கலுக்குள்ளே உங்கள் புத்தகமும் சப்பாத்தும் இருக்கக்கூடும். அதற்காகக் கூசற்க. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேட்டை வாங்கி, உங்கள் கையாலேயே தோய்த்து, தெறி தைத்து, மினுக்கிக் கொடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் அவர் கண்ணாடியின் முன் சிறிது நேரம் கூடுதலாக நிற்பதைக் காண்பீர்கள்.